தட்டிப் பார்க்கும் விரல்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் மொழி. சோம்பிக் கிடக்கும் மாணவனை எழுப்பவே இதை நாம் பயன்படுத்தி வருகிறோம். இயற்பியல் மாணவனாகிய எனக்கோ இதில் வேறொரு பொருளும் தோன்றுகிறது. ஒரே இழுப்பில் உடையாத பொருள்கூட, சிறு சுமையைப் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் உடைந்துவிடும். இதனை அறிவியலார் 'களைப்பு' என்பர். மனிதனின் களைப்பு உறங்கினால் தீரும்; பொருளின் களைப்போ சேர்ந்துகொண்டே போகும்.

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலு நோக்கிப் பறந்தது அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம். உள்ளே 95 பேர். 24,000 அடி உயரத்தில் அதன் மேற்கூரை சுமார் 18 அடி நீளத்திற்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு மறைந்தார். விமானிகளின் திறத்தால் மற்ற 94 பேரும் மாவித் தீவில் உயிருடன் இறங்கினர்.

காரணம் என்ன? குண்டா? புயலா? இரண்டும் அல்ல, பசை! உடற்பகுதியின் மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் பசையும் ரிவெட் ஆணிகளும் இருந்தன. சுமையைத் தாங்க வேண்டியது பசை. அது விட்டுப்போன இடத்தில் ஈரம் புகுந்தது, உலோகம் அரிக்கப்பட்டது, சுமை முழுவதும் ஆணித் துளைகளின் மேல் விழுந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உட்காற்றின் அழுத்தம் ஏறி இறங்க, துளைதோறும் விரிசல் வளர்ந்தது. 51,000 மணி நேரமும் 75,000 பறப்புகளும் அவ்விமானத்திற்கென வகுக்கப்பட்ட கணக்கு. அது பறந்த நேரம் 35,496 மணிதான், பறப்புகளோ 89,680! குறுந்தீவுப் பயணமல்லவா? கடிகாரம் இளமை என்றது. களைப்போ முதுமை என்றது.

அப்படியானால் பசையே வேண்டாமே என்பர் சிலர். நான் உடன்படேன். நல்ல பசை சுமையைப் பரப்பித் தாங்குகிறது, துளை கேட்பதில்லை, எடையும் குறைவு. இன்று காற்றாலை இறக்கைகளும் மோட்டார் வண்டிகளும் அதை நம்பி நிற்கின்றன. பசை குற்றவாளி அன்று, கவனியாமையே குற்றவாளி.

எப்படிக் கவனிப்பது? என் தாயார் பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் நல்லது. 'தொப்' என்றால் விரிசல். விமானக் கூடத்திலும் நாணயத்தால் தட்டிக் கேட்கும் சோதனை உண்டு. அதன் வளர்ந்த வடிவமே கேளா ஒலிச் சோதனை. ஆனால் பசை ஒட்டாமல் வெறுமே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை அந்த ஒலியும் எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே இணைப்பின் மேல் திரிபுமானிகளை ஒட்டியும், பசைக்குள்ளேயே மெல்லிய கண்ணாடி இழையைப் பதித்தும், உள்ளே விரிசல் நகர நகரத் தகட்டின் திரிபு மாறுவதைப் பதிவு செய்கிறார்கள். எப்போதோ ஒருநாள் பார்ப்பதைவிட எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதே மேல் என்பது என் துணிபு.

எனினும் கருவி மட்டும் போதுமா? அன்று விமானத்தில் ஏறிய பயணி ஒருவர் வாசலருகே விரிசலைக் கண்டார், யாரிடமும் சொல்லவில்லை! அதற்கு முந்தைய ஆண்டே அவ்வகை இணைப்புகளைச் சோதிக்க அரசாணை வந்திருந்தது. சோதனையும் நடந்ததாகப் பதிவு. பழுது மட்டும் கண்ணில் படவில்லை. இரவு வேளையில், ஆயிரம் ஆணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் கண்ணும் களைத்துப் போகுமல்லவா? பரிசோதிப்பவனுக்கு ஓய்வும் ஒளியும் நேரமும் தருவது செலவன்று. அதுவே முதற் காப்பு.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் தொழிற்கூடங்களில் கையொப்பமிடும் பொறுப்பில் அமர்வோம். 'சரிபார்த்தேன்' என்று எழுதுமுன் உண்மையிலேயே ஒருமுறை தட்டிப் பார்ப்போம். விரிசல் கண்டால் வாய் திறந்து சொல்வோம்.