அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பையும் 25ஆம் பிரிவு மருத்துவத்தையும் உறுதிசெய்கின்றன. சட்டம் அடுத்தடுத்து வைத்த இவ்விரண்டையும் நிர்வாகமோ தொடர்பே இல்லாத இரு துறைகளின் கோப்புகளாகப் பார்க்கிறது. அதனால் அலைக்கழிவது புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் வாழும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும்தான்.

அரசின் பெரிய மருத்துவமனைகள் நகரையொட்டியே இருக்கின்றன: கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. பாகூரிலிருந்து கோரிமேடு 20 கிலோமீட்டருக்கும் மேல். சக்கர நாற்காலியோடு சாதாரணப் பேருந்தில் ஏற முடியாது. ஆட்டோ பிடிக்க வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். சான்றிதழுக்கு ஒருமுறை, பிசியோதெரபிக்குப் பலமுறை, மாத்திரைக்கு மாதாமாதம் என்று நடை நீள்கிறது. சிகிச்சை இலவசம்தான், போய்வருவது இலவசமில்லை. உதவித்தொகை ஆட்டோ வாடகைக்கே கரைந்துவிட்டால் அடுப்பெரிய என்ன மிஞ்சும்?

தொகையின் லட்சணமும் நாம் அறிந்ததே. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும், 80 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள ஒருவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் நிர்ணயித்த அந்தத் தொகை அப்படியே கிடக்கிறது. ஆந்திரத்திலோ 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும், முழுமையாக முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அந்த மாநிலம் நமக்குத் தொலைவில் இல்லை. புதுச்சேரியின் ஏனாமைச் சுற்றியிருப்பதே அதுதான்.

மத்திய நிதிக்குழுவின் வரம்புக்குள் வராத யூனியன் பிரதேசம், கையில் காசு குறைவு என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பிறருக்கான இதே வகைத் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது 24ஆம் பிரிவின் கட்டளை. ‘அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்றும் அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். ஒன்றுமே செய்யாமலிருக்க அது சாக்காகாது. மேலும், மருத்துவக் குழு கிராமத்துக்கு வருவதற்குப் பெருநிதி தேவையில்லை. இருக்கும் மருத்துவர்களின் பணி அட்டவணையை மாற்றினாலே பாதிக் காரியம் முடியும்.

மாற்றாமலிருப்பதற்குக் காரணம், கேட்க ஆளில்லாமை. புதுச்சேரியில் 2006க்குப் பின் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தெருவிளக்கு முதல் உதவித்தொகை மனு வரை வார்டு உறுப்பினரிடம் சொல்லி முடிக்க வேண்டியதற்கு அதிகாரியின் மேசையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்தத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தது. இங்கே நியமிப்பதற்கு மன்றமே இல்லை.

எனவே அரசு செய்ய வேண்டியவை தெளிவு. வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதம் ஒருநாள் சிறப்பு மருத்துவர்களும் சான்றிதழ் வழங்கும் குழுவும் அமர வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் மாத்திரையும் கிடைக்க வேண்டும். உதவித்தொகையை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். குடும்ப வருமானத்தைக் காட்டி வயதுவந்தவரின் மனுவைத் தள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். தாய், தந்தையின் சம்பாத்தியம் அவர் கைப்பணமாகாது. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குச் சட்டம் சொல்லும் பராமரிப்பாளர் படியை அறிவிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகையல்ல. சட்டம் நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அடுத்த நிதிநிலை அறிக்கையிலாவது இரு பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே திட்டமும் அதற்கான நிதியும் இடம்பெற வேண்டும்.