நோயில்லாத என்ஜினுக்கு மருந்து எதற்கு?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஜல்லி, எம்-சாண்ட், கருங்கல் ஏற்றிய டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இதில் ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள் பலர். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். டீசல் செலவு போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. இவர்களைக் குறிவைத்துத்தான் அந்தச் சின்ன பாட்டில் வருகிறது. "என்ஜின் ஆயிலோடு இதையும் ஊற்றுங்கள். மைலேஜ் கூடும், என்ஜின் ஆயுசு இரண்டு மடங்காகும்" என்கிறார்கள்.

என் தங்கை மகனும் ஒன்றை வாங்கி வந்து, "ஊற்றலாமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

குமாஸ்தாவுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்பீர்கள். 35 வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு கேள்வி பழக்கம்: இதில் யார் கையெழுத்து போட்டிருக்கிறார்? வண்டியோடு வரும் புத்தகத்தில் எந்தத் தர ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதன்படி நடந்தும் என்ஜின் போனால் வாரண்டி கேட்கலாம். பாட்டில்காரர் அப்படி எதையாவது எழுதித் தருகிறாரா? அதை ஊற்றியதால் கோளாறு என்று தெரிந்தால், கம்பெனிக்காரர் வாரண்டியை மறுக்கவும் இடம் உண்டு.

இன்னொரு விஷயம். நாம் வாங்கும் நல்ல ஆயில் வெறும் எண்ணெய் அல்ல. கரியைப் பிடித்து வைக்க ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, நுரை வராமலிருக்க ஒன்று என்று பல மருந்துகளை அளவு பார்த்துக் கலந்து, என்ஜினில் ஓட்டிச் சோதித்த பிறகே டப்பாவில் அடைக்கிறார்கள். பக்குவமாக இறக்கிய ரசத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு கை உப்பு போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.-6 வண்டிகளில் ஆபத்து இன்னும் கூடுதல். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் பில்டர் இருக்கிறது. கரியை அது எரித்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது தங்கித் தங்கி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இவ்வகை வண்டிகளுக்கான சி.கே.-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உலோகச் சேர்மானம் உள்ள பாட்டிலை ஊற்றினால் அந்த வரம்பு தாண்டிப்போகலாம்.

மைலேஜ் கணக்கைப் பாருங்கள். பாரம், டயர் காற்று, பரனூர் டோல்கேட் நெரிசல், டிரைவரின் கால் இவற்றாலேயே ஒரு நடைக்கும் மறு நடைக்கும் மைலேஜ் மாறும். பாட்டில் ஊற்றிய வாரம் டிரைவர் கணக்கு பார்த்துக்கொண்டே பதமாக ஓட்டுவார். புகழ் பாட்டிலுக்குப் போகும். ஒரு பாட்டிலால் 10 சதவீதம் டீசல் மிச்சமாகும் என்றால், எண்ணூரில் அசோக் லேலண்டும் ஒரகடத்தில் பாரத்பென்ஸும் தொழிற்சாலையிலேயே ஊற்றி அனுப்பியிருக்க மாட்டார்களா?

அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற சரக்கு இப்படித்தான் கோடிக்கணக்கில் விற்றது. தேய்மானம் குறையும் என்ற விளம்பரத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 1997-ல் சமரசம் செய்துகொண்டு, ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்று கம்பெனி ஒத்துக்கொண்டது.

பயனே கிடையாதா? தேய்ந்துபோய் ஆயில் குடிக்கும் பழைய என்ஜினில், ஆயிலைக் கெட்டியாக்கும் சரக்கு சில நாள் புகையைக் குறைக்கும். ரிங், லைனர் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவே. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். விற்கிறவருக்கும் இந்த வித்தை தெரியும்.

நம் பக்கத்து லாரிக்கு உண்மையான எதிரி குவாரித் தூசி. ஏர் பில்டரோ அதன் குழாயோ விட்டுப்போனால், உள்ளே போகும் கல்தூள் லைனரை அரம் போல அராவிவிடும். அதற்குப் பாட்டிலில் மருந்து இல்லை. அடுத்து, குவாரி வரிசையில் நிற்கும்போதும் தொட்டியைத் தூக்கும்போதும் என்ஜின் ஓடுகிறது, கிலோமீட்டர் ஓடுவதில்லை. ஆகவே டிப்பருக்கு மணிக்கணக்கும் பார்த்து ஆயில் மாற்ற வேண்டும். மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தால் ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் மோலியேர் 1673-ல் எழுதிய 'கற்பனை நோயாளி' நாடகம் படித்தோம். நோயே இல்லாத ஒரு பணக்காரர் மருந்துக்கும் வைத்தியருக்கும் கொட்டிக் கொடுக்கும் கதை. நம் வள்ளுவரோ 'மருந்து' என்று அதிகாரத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, பத்தில் ஆறு குறளைச் சாப்பாட்டு அளவுக்கே ஒதுக்கிவிட்டார். லாரிக்கும் அதுதான் முறை. மகனோ மருமகனோ லாரி வைத்திருந்தால், அடுத்த முறை பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கம்பெனி ஏர் பில்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.