பேருந்துத் திரை ஏன் அணைந்துபோகிறது?

பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் காட்டும் திரை அணைந்து கிடந்தால், பெரும்பாலோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண்டக்டரைக் கேட்கலாம், சன்னல் வழியே எட்டிப் பார்த்து இடத்தைப் பிடித்துவிடலாம். காது கேளாத ஒருவர் நெரிசலில் நின்றுகொண்டு யாரிடம் கேட்பார்? ஒலிபெருக்கி பேசாமல் போன வண்டியில், பார்வையற்றவர் எத்தனை நிறுத்தங்களைத்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வருவார்?

போக்குவரத்தையும் தகவலையும் எல்லோரும் எட்டும்படி செய்வது அரசின் கடமை என்கிறது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2023-ல் தன் பேருந்துகள் சிலவற்றில் நிறுத்தங்களை அறிவிக்கும் ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். ஆனால், தொடக்க விழாவில் பேசும் கருவி அடுத்தடுத்த கோடைகளிலும் பேச வேண்டும். அதைத் தீர்மானிப்பது, திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் பின்னால் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் மீடியா பிளேயர் என்ற சிறு கணினி.

டெண்டரில் திரையின் அங்குலத்தையும் எண்ணிக்கையையும் எழுதிவிட்டு, பிளேயரை ஒரு வரியில் கடந்துபோனால், குறைந்த விலை சொல்பவர் வீட்டு டிவிக்கு மாட்டும் பெட்டியையே பேருந்திலும் மாட்டலாம். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

பேருந்தின் மின்சாரம் முரடானது. பேட்டரி 24 வோல்ட். டீசல் எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நொடியில் அது பத்து வோல்ட் அளவுக்குக்கூட இறங்கலாம். அதைத் தாங்காத கணினி அந்த நொடியில் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மின்னழுத்தம் திடீரென ஏறும் ஆபத்தும் உண்டு. ஓடும் வண்டியில் பேட்டரி இணைப்பு கழன்றால், அதற்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டரின் மின்சாரம் போக்கிடம் இல்லாமல் மற்றக் கருவிகள் மீது பாயும். வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை, தடுப்பு இல்லாத 24 வோல்ட் வண்டிகளுக்கு 150 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அலையை ஏவிச் சோதிக்கச் சொல்கிறது. 2025 ஜூனில் சென்னையில் ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகளில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் இல்லை என்பதால் இந்தத் தொல்லைகள் குறைவு. வெப்பமும் குலுக்கலும் அவற்றுக்கும் உண்டு.

சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கும்போது இன்னொரு சிக்கல். பிளேயர் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென்று போனால், மெமரி கார்டில் உள்ள மென்பொருளே சிதைந்துவிடலாம். மறுநாள் காலையில் திரையில் ஏதோ ஒரு சின்னம் மட்டும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பது பல நேரம் இதனால்தான். வாகனத்துக்கென்றே செய்த பிளேயர் சாவி அணைந்ததை உணர்ந்து, சில நிமிடங்களில் தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு அணையும். இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சவும் செய்யாது.

அடுத்தது வெப்பம். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவானது 45 டிகிரி செல்சியஸ். அது நிழலில் அளந்த கணக்கு. கூரைத் தகட்டுக்கு அடியில், மூடிய பெட்டிக்குள், தன் சொந்தச் சூட்டோடும் வேகும் மின்னணுப் பலகை அதைவிட வெகுவாகச் சூடேறும். வீட்டுக் கருவிகள் பொதுவாக 40 டிகிரி வரைக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. பலகையில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் அறிந்த விதி. விசிறி வைக்கலாம் என்றால், அது காற்றோடு தூசியையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். அதனால்தான் நல்ல வாகன பிளேயர்களில் விசிறியே இருப்பதில்லை. அலுமினிய உடல் வழியாக வெப்பம் வெளியேறும். வயர்கள் திருகிப் பூட்டும் இணைப்பிகளில் முடியும். சாதாரண எச்டிஎம்ஐ செருகி, ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து ஒருநாள் கழன்றுவிடும்.

நிறுத்தத்தில் நேர் வெயிலில் நிற்கும் திரைகளுக்கு, பிளேயர் மட்டும் தாங்கினால் போதாது. சாதாரண எல்சிடி ஓரளவுக்கு மேல் சூடேறினால் கறுப்புத் திட்டுகளாகிவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு.

நிறுத்த அறிவிப்பை லண்டன் எப்படிச் செய்தது என்று பார்க்கலாம். அங்கே ஐபஸ் என்ற அமைப்பு 2009-க்குள் எட்டாயிரம் பேருந்துகளிலும் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு வண்டியும் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறது, எழுத்திலும் காட்டுகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும் என்பதால், சக்கரம் உருண்ட தூரத்தையும் வண்டி திரும்பிய திசையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2023-ல் பிரிட்டன் கொண்டுவந்த விதிமுறை, 2026 அக்டோபருக்குள் உள்ளூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது. அறிவிப்பை ஒரு வசதியாகப் பார்க்காமல், பிரேக்கைப்போல வண்டியின் பாகமாகவே பார்த்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம்மிடம் விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2013-ல் வெளியிட்ட நகரப் பேருந்து விவரக்குறிப்பில் அறிவிப்புக் கருவிகளும் பெயர்ப்பலகைகளும் இடம்பெற்றுள்ளன. வண்டியின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிக்கு ஏஐஎஸ் 140 தரநிலை தூசி, நீர், அதிர்வு, வெப்பச் சோதனைகளை விதிக்கிறது. அதே வண்டியில் அதே குலுக்கலில் ஓடும் பிளேயருக்கும் அதே கண்டிப்பை டெண்டரில் எழுத என்ன தடை?

விலைதான் என்பார்கள். உறுதியான பிளேயர் வீட்டுப் பெட்டியைவிடப் பல மடங்கு விலை, உண்மை. அதை எல்லா இடத்திலும் மாட்டச் சொல்லவில்லை. குளிரூட்டிய மெட்ரோ நிலையக் கூடத்துக்குச் சாதாரணக் கருவியே போதும். மிச்சமாகும் பணம் பேருந்துக்கும் வெயிலில் நிற்கும் பலகைக்கும் போகட்டும். விளம்பர வருமானத்தில் நடத்திக்கொள் என்று ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளம்பரம் குவியும் தடங்களில் பழுது பார்ப்பார்கள். புறநகர்க் கடைசித் தடத்தில் யார் பார்ப்பார்கள்?

பிளேயர் தன் வெப்பநிலையையும் எத்தனை முறை நின்று எழுந்தது என்பதையும் தினமும் பணிமனைக்குச் சொல்லும்படி அமைக்கலாம். இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது எளிது. பணிமனை எலக்ட்ரீஷியன் கையில் மாற்றுக் கருவிகள் தயாராக இருக்க வேண்டும். அதை மாட்டவும் கழற்றவும் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். கருவி பொருத்திய அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல் பாதியை நிறுத்தி வைத்து, இரண்டு கோடையும் இரண்டு வடகிழக்குப் பருவமழையும் ஓடி முடித்த பிறகு, ஓடிய மணிநேரத்தைப் பார்த்துக் கொடுக்கலாம்.