ஆளில்லாத தோணி

கற்பிட்டியில் தோணியேறிக் களப்பைக் கடந்து, நாம் அண்மையில் உச்சமுனை சென்றிருந்தோம். கரையோரத்தில் இளைஞர் ஒருவரின் தோணி மற்றொன்றில் மோத, அதில் தொங்கிய வலை கிழிந்தது. வலைக்குரியவர் பொழிந்த வசைகளை இங்கே எழுதுதல் தகாது! அருகிலிருந்த முதியவர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “தம்பி, ஆளில்லாத தோணி வந்து இடித்திருந்தால் ஆரை ஏசியிருப்பாய்?”

இதே வினாவை எழுப்பும் சீன நூல் ஒன்றுண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ நெறி அறிஞர் சுவாங்சுவின் பெயரால் அது வழங்குகின்றது. அதன் 33 அதிகாரங்களுள் முதல் 7 அவருடையவை என்பது மரபு. தோணிக் கதையோ 20ஆவதில் வருகின்றது. அவர் வழிவந்தோர் எழுதியதாகலாம். வெறுந்தோணி மோதினால் முன்கோபியும் சினவான். உள்ளே ஆளிருந்தால் கூவுவான், பின்பு திட்டுவான் என்கிறது அக்கதை.

பிறரை வெறுந்தோணியாக எண்ணிப் பொறுத்தலே இதன் பொருள் என்பர் பலர். நூலின் கருத்து அதுவன்று. வெறுமையாக வேண்டியது நாமே. அவ்வாறு உலகிற் செல்வோர்க்கு எவர் தீங்கிழைக்க முடியும் என்பதே அதன் கேள்வி.

அப்படியாயின் நீங்கவேண்டிய ‘நான்’ எது? 2ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ஒருவர், தம்மையே தாம் இழந்துவிட்டதாக உரைக்கின்றார். மூலத்தில் இழந்தவரைக் குறிக்க ‘வூ’ என்றும், இழந்த பொருளைக் குறிக்க ‘வோ’ என்றும் இரு சொற்கள் உள்ளன. உண்மையான நான் வேறு, முனைப்பான நான் வேறு என்பதற்கு இதனைச் சான்றாக்குவர் சிலர். இது வெறும் இலக்கண வழக்கே என்பர் வேறு சிலர். தமிழிலும் ‘நான்’ என்பது ‘என்னை’ எனத் திரிகின்றது. அதனால் ஆள் இருவராவதில்லையே!

சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: தம்மை இழந்த பின்னும் அதனைச் சொல்ல அவர் எஞ்சியிருக்கின்றார். ஆகவே, அழிந்தது ஆளன்று, “எனக்கா இதைச் செய்தாய்?” என்று சீறும் செருக்கே.

இதனால் இழப்பு பொய்யாகிவிடாது. கிழிந்த வலை கிழிந்ததே. ஈடு கேட்டலும் முறையே. வசை மட்டும் வலையைப் பொத்துவதில்லை. அன்று மாலை நாம் திரும்பும்போது, மோதியவரும் ஏசியவரும் எதிரெதிரே அமர்ந்து, வலையின் ஆளுக்கொரு முனையைப் பற்றிப் பொத்திக்கொண்டிருந்தனர்.