உள்சுவருக்கு எப்போதும் வெளிர் நிறம்தானா?

வீட்டுக்குள் நீலமோ பச்சையோ சாம்பலோ அடிக்கலாம் என்று பேச்செடுத்தால், பெயிண்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை ஒரே பாட்டுதான்: "லைட் கலரா அடிச்சிடுங்க. டார்க் அடிச்சா சூடு ஏறும், ரூம் சின்னதாத் தெரியும். லைட்டுன்னா எங்கேயும் எடுபடும்." இந்த மூன்றும் சரியா என்று பார்ப்போம்.

முதலாவது, சூடு. அந்தக் கணக்கு வெயில் நேராக விழும் மொட்டைமாடிக்கும் வெளிச்சுவருக்கும் உரியது. அங்கே வெள்ளை அடித்தால் வெப்பம் உள்ளே இறங்குவது நிச்சயம் குறையும். மாடி அறை இரவிலும் தகிப்பதற்குக் காரணம் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம்தான். அதன் கீழே உள்சுவரை வெளிர்நீலமாக்கினால் புழுக்கம் குறைந்துவிடாது; அடர்நீலமாக்கினால் கூடிவிடவும் செய்யாது.

இரண்டாவது, அறை சிறிதாகத் தெரியும் என்பது. வெளிர் நிறம் உயரத்தைக் கூட்டிக் காட்டும் என்பது உண்மை, குறிப்பாக மேற்கூரையில். அதற்காக நான்கு சுவரும் வெளிர் நிறமாக இருந்தாக வேண்டியதில்லை. வெளிர் சுவரில் மூலை நிழல் கோடு போட்டதுபோல் தெரியும். அடர்நீலத்தில் அந்தக் கோடு கரைந்துபோவதால், சுவர் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. கூரையை வெள்ளையாக விட்டு, கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் அடர்நீலம் அடித்தால் சின்னப் படுக்கையறைகூட ஆழமாகத் தெரியலாம்.

மூன்றாவது, வெளிர் நிறம் எங்கேயும் எடுபடும் என்பது. வடக்குப் பார்த்த ஜன்னலில் வருவது நீலம் பாய்ந்த வெளிச்சம். நம் வீட்டு டியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை. இரண்டும் சேர்ந்தால் கடையில் பார்த்த அழகான வெளிர் சாம்பல்நீலம் ஆஸ்பத்திரிச் சுவராகிவிடும். அதே அறையில் அடர்பச்சை தன் நிறத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும்.

அடர் நிறத்தை மறுக்க உண்மையான காரணங்கள் வேறு. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கருநீலம் தருவது 10 சதவீதத்துக்கும் குறைவு. எனவே சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் வெளிர் நிறமே நல்லது. பட்டி வேலை சரியில்லாத சுவரில் பளபளப்பான அடர் நிறம் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். ஓதம் ஏறி உப்பு பூத்தால் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அடர் ஷேடுகளில் வெள்ளை நிறமி குறைவு என்பதால் பலவற்றுக்கு இன்னொரு கோட்டும் தேவைப்படும். பெயிண்டர் எச்சரிக்க வேண்டியது இவற்றைத்தான்.

ஷேடு கார்டின் விரலகலத் துண்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டுக்கு இரண்டடி அளவில், எதிரெதிர்ச் சுவர்களில், இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அந்த அறைக்கு எந்த நிறம் என்பதைச் சொல்ல வேண்டியது அங்கே விழும் வெளிச்சமே.