முகாம் பேருந்தில் கழியும் மூன்று மாதம்

பி.டி.எஸ். முடித்தவரின் பயிற்சி ஆண்டைத் துறைவாரியாகக் கூறு போட்டு வைத்திருக்கிறது பல் மருத்துவக் கவுன்சிலின் 2007ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. வாய் அறுவை சிகிச்சைக்கும் செயற்கைப் பல் துறைக்கும் தலா ஒன்றரை மாதம். ஈறு நோய், பல் பாதுகாப்பு, பல் சீரமைப்பு, குழந்தைப் பல் மருத்துவம், வாய் மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். வாய் நோய்க்கூறியலுக்கு 15 நாள், விருப்பப் பிரிவுக்கு 15 நாள். மீதி மூன்று மாதமும் சமுதாயப் பல் மருத்துவத்துக்கும் கிராமப்புறச் சேவைக்கும். வேறு எந்தத் துறைக்கும் இவ்வளவு காலம் கிடையாது. ஆண்டில் கால் பங்கு. அந்தக் கால் பங்கை நம் கல்லூரிகள் செலவிடும் விதத்தில் எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை.

நடப்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். காலையில் கல்லூரிப் பேருந்து கிளம்பும். பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ கல்யாண மண்டபத்திலோ பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, வாய்க் கண்ணாடியும் புரோபும் கையுமாகப் பயிற்சி மருத்துவர்கள் உட்காருவார்கள். சொத்தை எத்தனை, விழுந்தது எத்தனை, அடைத்தது எத்தனை என்று படிவம் நிரம்பும். சிலருக்குப் பல் சுத்தம், ஆடும் பல் இருந்தால் பிடுங்கல். மற்றவர்கள் கையில் ஒரு சீட்டு: 'கல்லூரிக்கு வரவும்.' மாலையில் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு பேருந்து திரும்பிவிடும்.

அந்தச் சீட்டு பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஆரணியை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊர். ஊருக்குள்ளும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் வீட்டுக்கு வீடு தறி. ஒரு பாவு பூட்டினால் அதில் இருக்கும் சேலைகள் நெய்து இறங்கும் வரை குடும்பத்துக்கு வேறு நினைப்பு கிடையாது. கூலி சேலைக் கணக்கில் வருவது. தறியில் உட்காராத நாளுக்குக் காசு இல்லை. நெய்பவர் எழுந்து போனால், தார் சுற்றி, நாடா தள்ள உதவும் வீட்டாரின் வேலையும் சேர்ந்து நிற்கும். இவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூழ் வரை சொத்தை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் சிகிச்சைக்கு முதல் நாள் திறப்பது, அடுத்து கால்வாயைச் சுத்தம் செய்து அகலப்படுத்துவது, பிறகு நிரப்புவது, அதன்பின் உறைக்கு அளவெடுப்பது, உறை மாட்டுவது. மாணவர் கையில் என்றால் இன்னும் ஒன்றிரண்டு நடை கூடும். சிகிச்சை இலவசமாகவே இருக்கட்டும். பேருந்துக் காசும் போன நாள்களின் கூலியும் யார் கணக்கு? "பிடுங்கிடுங்க டாக்டர், சும்மா சும்மா வர முடியாது" என்று அவர் சொல்வதை அறியாமை என்று நம் வகுப்புகளில் எழுதிவைக்கிறோம். அவர் போடும் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

தொழில் சார்ந்த பல் தேய்மானத்தை நம் மாணவர்கள் வாய் நோய்க்கூறியலில் படிக்கிறார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் தையற்காரர், ஆணியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும் தச்சர், செருப்புத் தைப்பவர் என்று பாடநூல் வரிசைப்படுத்தும். தேர்விலும் கேட்பார்கள், எழுதியும் விடுவார்கள். தறிமேட்டில் ஒரு மணி நேரம் நின்று, அறுந்த இழையை ஒருவர் எப்படி முடிகிறார், கை போதாதபோது வாயைத் துணைக்கு அழைக்கிறாரா, பகல் முழுக்க எந்தப் பாக்குப் பொட்டலம் கன்னத்தில் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்த மாணவர் எத்தனை பேர்? வாய் திறப்பு குறைந்திருப்பதை முகாமில் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். ஆனால் பாக்கை விடச் சொல்வதற்கு ஒரே ஆளை நான்கைந்து முறையாவது பார்த்தாக வேண்டும். பேருந்தில் வந்து போகிறவருக்கு இரண்டாம் முறையே வாய்ப்பதில்லை.

முதல் இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்தைக் குறை சொல்வோர் அணியில் நான் இல்லை. மெழுகில் பல் செதுக்குவது வீண் வேலை என்று இளையவர்கள் முணுமுணுப்பார்கள். கடைவாய்ப் பல்லின் முகடும் பள்ளமும் விரலுக்குப் பழகுவதற்கு வேறு குறுக்குவழி எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டாம் ஆண்டில் பேன்டம் ஹெட்டில் துளையிட்டு அடைப்பதும், பிளாஸ்டர் மாடலில் பல் வரிசை அடுக்குவதும் அப்படித்தான். சிக்கல் மூன்றாம் ஆண்டில் நோயாளி வந்து உட்காரும்போது தொடங்குகிறது. பொது மருத்துவம், பொது அறுவை, வாய் நோய்க்கூறியல் வகுப்புகளுக்கு இடையே கிளினிக். இறுதியாண்டில் எட்டுப் பாடம், அதில் ஒன்று பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம். துறைக்கு இத்தனை அடைப்பு, இத்தனை பல் எடுப்பு, இத்தனை பல் செட் என்று கோட்டா. நோயாளி 'கேஸ்' ஆகிவிடுகிறார். கோட்டா முடிந்ததும் போஸ்டிங் மாறும்; மாணவர் அடுத்த துறைக்குப் போவார், நோயாளி இன்னொரு மாணவருக்குப் போவார். ஒரே வாயை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நான்கு ஆண்டில் ஒருமுறைகூட மாணவருக்கு வாய்க்காமல் போகலாம்.

அதற்கு இருக்கும் ஒரே இடம் இந்த மூன்று மாதம்தான். இப்போது ஒரு தோதும் அமைந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்தின் இடத்துக்குத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. இறுதியாண்டுத் தேர்வையே உரிமத்துக்கும் முதுகலைச் சேர்க்கைக்கும் பொதுத் தேர்வாக்கும் 'நெக்ஸ்ட்' அந்தச் சட்டத்தில் உண்டு. நீட் எம்.டி.எஸ். கைடைப் பேருந்தில் விரித்துவைத்துப் படித்தபடியே முகாமுக்குப் போகும் பழக்கத்துக்கு அதோடு காரணம் போய்விடும். பயிற்சி விதிகளைத் திருத்தி எழுதும்போது நம் சங்கங்கள் வலியுறுத்த வேண்டியதாக நான் நினைப்பது இது: மூன்று மாதமும் ஒரே ஊர். நாலைந்து பயிற்சி மருத்துவர்களும் ஒரு ஆசிரியரும் தாலுகா அரசு மருத்துவமனையின் பல் பிரிவை ஒட்டி வேலை செய்யட்டும். ஆரணியில் என்றால் நெசவாளர் தறியிலிருந்து எழும் நேரத்துக்கு ஏற்ப மாலையில் கிளினிக். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுடன் வாரத்தில் ஒரு நாள் அவர்களும் போகட்டும். சர்க்கரைக்காரர் வீட்டில் ஈறு பார்க்காமல் திரும்புவது நமக்கே நியாயமாகப் படாது. லாக் புத்தகத்தில் பரிசோதித்தவர் தொகைக்குப் பதிலாக, தொடங்கி முடித்த சிகிச்சைகளின் பட்டியல் வரட்டும். ஐநூறு வாயை எட்டிப் பார்த்ததைவிட முப்பது வாயைக் கடைசிவரை கவனித்தவருக்கே நான் கையெழுத்துப் போடுவேன்.

ஊரில் கிளினிக் வைத்திருப்பவர்களின் முணுமுணுப்பு இங்கேயே கேட்கிறது: இலவசமாகச் செய்தால் எங்கள் பிழைப்பு? நியாயமான கேள்வி; தட்டிக்கழிக்கக் கூடாது. வேர் சிகிச்சைக்கு வராமல் பிடுங்கிக்கொண்டு போகும் கூட்டம் நம் கிளினிக்குகளுக்கும் வராத கூட்டம்தான் என்பது என் அனுபவம். அதோடு, அந்த ஊர் மருத்துவரையே பகுதிநேர வழிகாட்டியாக வைத்து மதிப்பூதியம் கொடுக்கலாம். எந்தத் தெருவில் என்ன நோய் என்று கல்லூரிப் பேராசிரியரைவிட அவருக்குத்தான் தெரியும்.

கல்லூரி நிர்வாகங்கள் கேட்கப் போவது வேறு: எங்கே தங்குவார்கள், பெண் பயிற்சி மருத்துவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, அந்த மூன்று மாத ஊக்கத்தொகை ஒழுங்காக வருமா? இவற்றுக்குப் பதில் எழுதாமல் விதி எழுதினால் மறுபடியும் பேருந்துதான் ஓடும். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தபிறகு, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் பி.டி.எஸ். வகுப்பின் கதவு கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. சொந்தத் தாலுகாவைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவருக்கு முன்னுரிமை கொடுத்தால் தங்குமிடச் சிக்கலில் ஒரு பகுதி தீரும். மற்றவர்களுக்கான விடுதி ஏற்பாட்டைக் கல்லூரி செய்யும் என்ற வரி விதியிலேயே இருக்க வேண்டும்.