எத்தனை குதிரைகள்?

பிறந்த மண்ணை விட்டு மும்பைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், மோட்டார் கார் என்பது ஒரு தலைமுறைக்கு முன்பு வரை காத்திருந்து பெற்ற பொருளாகவே இருந்தது. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, ஒரு பிரீமியர் பத்மினி வாசலுக்கு வந்து நின்ற நாளைத் திருநாளாகக் கொண்டாடிய பெரியவர்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் இருக்கின்றனர். 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 40 குதிரைச் சக்தியும் கொண்ட எஞ்சின் அதற்கு. குடும்பம் முழுவதையும் பெட்டி படுக்கைகளையும் சுமந்துகொண்டு மலைப்பாதை ஏறி அவ்வண்டி ஊர் போய்த் திரும்பிற்று. அதற்கு எத்தனை குதிரைச் சக்தி என்று அன்று கேட்டவர் அரியர்.

இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்ல உத்தியோகங்களில் அமர்ந்து, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் நிலைக்கு உயர்ந்திருக்கின்றனர். கண்டு மகிழ்கிறோம். ஆனால் போட்டியாக நிற்கும் இரு கார்களில் எது மேல் என்ற பேச்சு எழுந்தவுடன், "இதற்கு முந்நூறு, அதற்கு நானூறு, ஆகவே அதுவே மேல்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. பல லட்சம் ரூபாயையும் வீட்டுப் பிள்ளையின் உயிரையும் பற்றிய ஒரு முடிவை, ஓர் எண்ணை மட்டும் நம்பி எடுக்கலாமா? இம்மாதம் நாம் ஆராய விரும்பும் பொருள் இதுவே.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சினைத் திருத்தி அமைத்த ஜேம்ஸ் வாட், அதை விற்க வேண்டியிருந்தது. வாங்குவோரோ குதிரைகளைப் பூட்டி வேலை வாங்கிப் பழகியவர்கள். "எம் எஞ்சின் இத்தனை குதிரைகளுக்கு ஈடு" என்று சொன்னாலன்றி அவர்களுக்கு விளங்காது. ஆகவே ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும் வேலையை ஒரு குதிரைச் சக்தி என்று அவர் வகுத்தார். இன்றைய கணக்கில் அது சுமார் 746 வாட். ஆக, இந்த அளவு பிறந்ததே விற்பனைப் பேச்சுக்காக. இன்றளவும் அது அந்தத் தொழிலை மறக்கவில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

ஓர் எஞ்சினுக்கு ஓர் எண் என்றாவது உறுதியாகச் சொல்லலாமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் முன்பெல்லாம் எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். 1972ஆம் ஆண்டு முதல், வண்டியில் பொருத்தப்படும் கருவிகளோடு சேர்த்து அளக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. செவ்ரோலெட் கார்வெட் காரின் அடிப்படை எஞ்சின் 1971இல் 270 என்றும் 1972இல் 200 என்றும் விளம்பரம் செய்யப்பட்டது. ஓராண்டில் எழுபது குதிரைகள் காணாமற் போயின. பெரும்பாலானவை ஓடிப்போனது லாயத்திலிருந்து அன்று, ஏட்டிலிருந்துதான். அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. எட்டு சிலிண்டர் கொண்ட ஃபோர்டு மஸ்டாங் 2016இல் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் 435 என்றும் ஐரோப்பாவில் 421 என்றும் சொல்லப்பட்ட அந்த ஐந்து லிட்டர் எஞ்சின், இங்கே சுமார் 400 என்ற கணக்கோடு விற்கப்பட்டது.

ஜப்பானில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1980களின் இறுதியில் அந்நாட்டுக் கார் நிறுவனங்கள் யாவும், 280 குதிரைச் சக்திக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2004ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. 1989இல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., 1990இல் வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்., 1993இல் வந்த டொயோட்டா சூப்ரா ஆகிய மூன்றின் ஏட்டிலும் ஒரே எண் அச்சாயிற்று. அதனால் மூன்றும் ஒன்றாகிவிட்டனவா? ஒன்று நான்கு சக்கரங்களாலும் தரையைப் பற்றிக்கொண்டு பாய்ந்தது. ஒன்று அலுமினிய உடலும், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே அமைந்த எஞ்சினும் கொண்டு இலேசாகத் திரும்பிற்று. ஒன்று முன்னே பெரிய எஞ்சினை வைத்துப் பின்சக்கரங்களால் உந்திச் சென்றது. எண் ஒன்றாக இருந்தபோதுதான், கார்களின் உண்மையான குணங்களைப் பற்றி மக்கள் பேச நேர்ந்தது.

இனி, எடையைக் கவனிப்போம். மாட்டின் பலத்தைச் சொல்லிவிட்டு வண்டியின் பாரத்தைச் சொல்லாமல் விடுவது நம் ஊர்ச் சந்தையில் செல்லாது. அந்த மஸ்டாங்கின் 421 சக்தி கொண்ட ஐரோப்பிய வடிவத்தையும், 2016இல் வந்த போர்ஷே 718 கேமனையும் அருகருகே நிறுத்துவோம். கேமனுக்கு நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர், 300 குதிரைச் சக்தி. எண்ணை மட்டும் பார்ப்பவர், "நூற்றிருபத்தொன்று குறைகிறதே" என்று எழுந்து போய்விடுவார். ஆனால் மஸ்டாங்கின் எடை சுமார் 1,720 கிலோ. கேமனின் எடை 1,335 கிலோ. ஆயிரம் கிலோவுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால், முன்னதற்கு 245, பின்னதற்கு 225. நூற்றுக்கு நாற்பது பங்கு என்று தோன்றிய வேறுபாடு, நூற்றுக்கு ஒன்பது பங்காகச் சுருங்கிவிட்டது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு நிறுவனங்கள் தந்த நேரம், கையால் கியர் மாற்றும் வண்டிகளில், 4.8 வினாடியும் 5.1 வினாடியும் ஆகும். கண் இமைக்கும் நேரமே இடைவெளி. வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும், எடை குறைந்த வண்டிக்கு அந்தக் குறைவே துணை நிற்கும்.

அப்படியாயின் குதிரைச் சக்திக்குப் பொருளே இல்லையா என்று கேட்கலாம். அவ்வாறு சொன்னால் அது நேர்மையாகாது. டொயோட்டாவின் ஜி.டி.86 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் 2012இல் 200 குதிரைச் சக்தியோடு வந்தது. திரும்புகையில் அது தந்த இன்பத்தைப் பலரும் பாராட்டினர். நடு வேகத்தில் எஞ்சின் சோர்கிறதே என்று குறையும் சொன்னார்கள். அதன் வாரிசான ஜி.ஆர்.86 எஞ்சின் 2.4 லிட்டராகப் பெருத்து, ஐரோப்பாவில் 234 குதிரைச் சக்தியோடு வந்தது. எடை பெரிதும் கூடவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரம் 7.6 வினாடியிலிருந்து 6.3 ஆகக் குறைந்தது. இங்கே சக்தி கூடியது உண்மையான நன்மையே. ஆயினும் ஒரு நுட்பம் காண்க. பழைய எஞ்சின் தன் முழு முறுக்கு விசையைத் தர நிமிடத்துக்கு 6,400 சுற்றுகள் சுழல வேண்டியிருந்தது. புதியதோ 3,700 சுற்றிலேயே தந்துவிடுகிறது. ஓட்டுபவர் அன்றாடம் உணர்வது உச்சியிலே ஒரு கணம் தோன்றும் எண்ணை அன்று. காலால் மெல்ல அழுத்தியவுடன் கிடைக்கும் இழுப்பைத்தான். ஆகவே "எத்தனை குதிரை?" என்பதோடு நில்லாமல், "எப்போது இழுக்கும்?" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது பாதை. மும்பை–புனே விரைவுச் சாலையில் சமவெளிப் பகுதியிலே கார்களுக்கு விதிக்கப்பட்ட வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். மலைப் பகுதியில் அதனினும் குறைவு. சமதரையில் அந்த வேகத்தை நிலையாகக் காக்க ஒரு காருக்கு ஏறக்குறைய 20 குதிரைச் சக்தியே போதும். வேகம் இரட்டிக்கும்போது காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. பெரிய எண்கள் எல்லாம் அங்கேதான் செலவாகின்றன. சட்டம் அனுமதிக்காத வேகத்துக்கான குதிரைகளை விலை கொடுத்து வாங்கி, தாதரின் நெரிசலில் அவற்றுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு நிற்பதில் என்ன பயன்? அகன்ற டயர்களின் விலையும், காப்புறுதிக் கட்டணமும், வேகத்தடைதோறும் அடிவயிறு உராயும் தாழ்ந்த உடலும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

சக்தியைத் தரைக்குக் கொண்டு செல்வது டயர், அடக்குவது பிரேக். நான்கு உள்ளங்கை அளவு இடமே காரையும் பூமியையும் இணைக்கிறது. தேய்ந்த டயரில், மழை பெய்த சாலையில், நானூறு குதிரைகளும் சக்கரத்தை வீணே சுழற்றும். மேலும், வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். எஞ்சினுக்கு எத்தனை சக்தி இருந்தாலும் இக்கணக்கு மாறாது.

எல்லாவற்றுக்கும் மேலானது, ஓட்டும் கை. இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், பந்தயம் பழக விரும்பும் இளைஞர்களுக்காக, மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். சாலை வண்டியில் அந்த எஞ்சின் 40 குதிரைச் சக்தியைக்கூட எட்டாதது. அத்தகைய ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில், ஸ்ரீபெரும்புதூரில் தம் முதற்போட்டியை ஓட்டியவரே, 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். சிறிய சக்தியில் பழகியவருக்குப் பெரிய சக்தி பணிந்தது. வரிசை மாறினால் விளைவும் மாறும். 2024 மே மாதம் புனேயில் பெருஞ்சக்தி வாய்ந்த காரொன்று மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். காரை ஓட்டியவனுக்கு வயது பதினேழு. அந்த இருவரும் நம் பிள்ளைகளைப் போலவே வேலை தேடிப் பிற மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. கார் வாங்க வேண்டா என்று தடுக்க நாம் யார்? உழைத்து ஈட்டிய பொருளில் விரும்பியதை வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் கேள்விகளை வரிசைப்படுத்திக் கேளுங்கள். எந்தச் சாலையில், யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறோம் என்பது முதற்கேள்வி. வண்டியின் எடை என்ன, டயரும் பிரேக்கும் எத்தகையவை என்பது இரண்டாவது. எஞ்சின் எந்தச் சுற்றில் இழுக்கத் தொடங்குகிறது என்பது மூன்றாவது. இதை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் ஓட்டிப் பார்த்து அறிய வேண்டும். இவை யாவும் இரு வண்டிகளிலும் சமமாக நின்றால், அப்போது குதிரைகளை எண்ணுங்கள். கூடுதலாக உள்ளதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் சுவையை முழுதும் அறிய ஆசையிருந்தால், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோவையிலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள பந்தயத் தடங்களை நாடலாம். அங்கே ஆசானும் உண்டு. எதிரே வரும் லாரி இல்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை காரைப் பற்றிப் பேசும்போது, "இதெல்லாம் எதற்கு?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடாதீர்கள். "அதன் எடை எவ்வளவு தம்பி? எத்தனை அடியில் நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் வியந்து உங்கள் அருகில் அமர்வான். பிறகு விலையையும் பாதுகாப்பையும் பற்றிப் பேசுவது எளிதாகும். அவனுக்கு முதலில் கார் ஓட்டக் கற்றுத் தந்தவர் நீங்களாக இருந்தால், அந்தப் பேச்சுக்கு வலிமை இன்னும் கூடும்.